தாய்மாமனுக்கு ஆகாத பல்

எங்கள் வீட்டில் எதற்கும் கடைசியாக வந்து சேர்கிற ஆள் நான்தான். டாக்டர் நாள் குறித்துக் கொடுத்தும் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வெளியே வந்தேனாம். இரண்டு வயது வரைக்கும் நடக்கவில்லை. மூன்று வயது வரைக்கும் பேசவில்லை. அதற்கப்புறம் வாயை மூடவில்லை என்று அம்மா சொல்வாள். பத்தாம் வகுப்புக் குழுப் படத்தில் எல்லாரும் நிற்க, நானும் இன்னொருத்தனும் மட்டும் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்போம், யாரோ இரண்டு பேருடைய தம்பிகள் மாதிரி. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கோடையில் என்ன ஆனதோ, சித்திரையில் தைத்த பேண்ட் ஆடியில் கணுக்காலுக்கு மேலே நின்றது. மீசைக்கு இருபத்து நாலு வயது வரை காத்திருந்தேன். கல்யாணத்துக்கு இன்னமும் காத்திருக்கிறேன், வயது முப்பத்து நாலு. "ஒனக்கு எல்லாம் வரும்டா, அதுவரைக்கும் எங்களுக்குத்தான் ஆயுசு வேணும்" என்பாள் அம்மா.

அதனால்தான் என் தங்கை மகளுக்கு எட்டு மாதமாகியும் பல் முளைக்கவில்லை என்று ஆளாளுக்குக் கவலைப்பட்டபோது, உள்ளுக்குள் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நானாக இருந்தேன். அப்பாடா, நம்ம கட்சிக்கு ஒரு ஆள் சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

குழந்தை பிறந்தது திருவேட்டக்குடியில், எங்கள் வீட்டில் இருந்தபோதுதான். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடுதானே. ஐந்து மாதம் எங்களோடு இருந்தாள். நான் நெடுங்காட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். சாயங்காலம் வந்து இறங்கியதும் சட்டையைக்கூட மாற்றாமல் அவளைத் தூக்கிக்கொள்வேன். சட்டை முழுக்கப் பால் வாந்தியோடு கடைத்தெருவுக்குப் போயிருக்கிறேன், அதைப் பெருமையாகவும் நினைத்திருக்கிறேன். பிறகு தங்கை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டுக்குத் திருமலைராயன்பட்டினம் போய்விட்டாள். காரைக்காலுக்கு வடக்கே நாங்கள், தெற்கே அவர்கள். ஞாயிறுதோறும் பைக்கை எடுத்துக்கொண்டு டவுனைத் தாண்டிப் போய்விடுவேன். என் வாழ்க்கையில் தாமதமில்லாமல் கிடைத்த ஒரே பதவி தாய்மாமன் பதவி. காது குத்தும்போது பிள்ளை என் மடியில்தான் உட்கார வேண்டும். அதற்கென்றே ஒரு பட்டு வேட்டி வாங்கி பீரோவில் வைத்துவிட்டேன்.

பல் விஷயத்துக்கு வருகிறேன். தங்கை வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஐந்தாம் மாதமே இரண்டு பல். அந்தப் பிள்ளையின் அம்மா அதைத் தானே உட்கார்ந்து செதுக்கிவைத்ததுபோல் பேசுவாள். "எங்க புள்ள கடிக்கிறான்க்கா, வலி உசுரு போவுது" என்று அவள் அலுத்துக்கொள்கிற தினுசைக் கேட்டால் எனக்கே கடிக்கலாம்போல் வரும். எங்கள் பிள்ளையோ ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று மாதங்களைப் பொக்கைவாயோடு தாண்டிக்கொண்டிருந்தாள். பருப்புச் சோற்றை ஈறாலேயே மசித்து முழுங்கிவிட்டு, இன்னும் கொடு என்று தட்டைத் தட்டுவாள். அவளுக்கு எந்தக் குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பரிசோதனை நடக்கும். கையைக் கழுவிக்கொண்டு விரலால் ஈறைத் தடவிப் பார்ப்பது தங்கையின் முறை. வெள்ளி ஸ்பூனால் லேசாகத் தட்டிப் பார்ப்பது அவள் மாமியாரின் முறை. பல் இருந்தால் டிங் என்று சத்தம் வருமாம். என்னுடையது செல்போன் டார்ச். டார்ச்சைக் கண்டால் அவள் வாயைத் திறக்கமாட்டாள், போனைத்தான் பிடுங்குவாள். அதனால் முதலில் நான் வாயைத் திறந்து, என் வாய்க்குள் வெளிச்சம் அடித்து, "ஆ" என்று காட்ட வேண்டும். அவள் சிரிப்பாள். அந்த அரை நொடிக்குள் பார்த்துவிட வேண்டும். மூன்று மாதத்தில் பிள்ளை ஈறு என்ற பாடத்தில் நான் பெரிய ஆளாகிவிட்டேன். வெறும் ஈறு எப்படி வழவழவென்று இருக்கும், பல் வரப்போகிற ஈறு எப்படித் தடித்து வெளுக்கும், எல்லாம் தூரத்திலிருந்தே சொல்வேன்.

"மேல தடிச்சிருக்கா, கீழ தடிச்சிருக்கா?" ஒவ்வொரு முறையும் தங்கை இதைத்தான் கேட்பாள்.

"எதுவோ ஒண்ணு வரட்டும் புள்ள" என்று சொல்லிவிட்டால் போதும், அவள் முகம் சுண்டிப்போகும்.

காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் கீழ்ப் பல்தான் முதலில் முளைக்க வேண்டும். மேல் பல் முந்திக்கொண்டால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். ஆகாது என்றால் சளி, காய்ச்சல் இல்லை. ஆளே போய்விடுவான் என்று அர்த்தம். பல் எப்போது வரும், எந்த வரிசையில் வரும் என்பதெல்லாம் பிள்ளைக்குப் பிள்ளை மாறும் என்று வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். ஆனால் என் தங்கையிடம் கரும்பலகை எடுபடாது. அவளுக்கு மேல் பல்தான் முதலில் முளைத்தது. எங்கள் தாய்மாமன், அம்மாவின் ஒரே தம்பி, ஓர் ஐப்பசி மாதம் கட்டுமரத்தில் போனவர் திரும்பி வரவில்லை. எனக்கு அப்போது ஐந்து வயது. அவர் தோளில் உட்கார்ந்து கடற்கரைக்குப் போனதும், அவர் தலைமுடியை நான் பிடித்துக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது. தங்கைக்கு அப்போது ஒரு வயதுகூட நிறையவில்லை. அவளுக்கு மேல் பல் முளைத்ததும் மாமா போனதும் எங்கள் தெருவில் ஒரே வாக்கியமாகிவிட்டது.

மாமனை முழுங்கினவள். அதுதான் அவளுக்குப் பேர். குழாயடியில் சண்டை வந்தால் அது வரும். அவள் முதல் மார்க் வாங்கினால் அது வரும். நானும் ஒருமுறை சொன்னேன், ஒரு மாங்காய்த் துண்டுக்காக. அவளுக்கு ஏழு வயது இருக்கும். அடிக்கவில்லை, அழவில்லை, கையிலிருந்த மாங்காயை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல் இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

ஆகவே அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மகளுக்குக் கீழ்ப் பல் முதலில் வர வேண்டும். என் உயிர் ஒரு பக்கம் இருக்கட்டும், தன் மகளுக்கு அந்தப் பேர் வந்துவிடக் கூடாது. அதற்காகச் செவ்வாய்க்கிழமை விரதமெல்லாம் இருந்தாள்.

பத்தாம் மாதம் காரைக்காலில் ஒரு குழந்தை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். நான், தங்கை, அம்மா மூன்று பேரும். டாக்டர் பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்காங்க. சில பேருக்கு ஒரு வயசு தாண்டியும் வரும். பல்லு வராம யாருக்கும் கல்யாணம் நின்னதில்ல" என்றார். குடும்பத்தில் யாருக்காவது இப்படித் தாமதமாக வந்திருக்கிறதா என்று கேட்டார். அம்மா ஒரு நொடிகூட யோசிக்காமல் என்னைக் காட்டினாள். "இவனுக்கு எல்லாமே லேட்டுங்க."

டாக்டர் என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். "இப்ப நல்லாத்தானேம்மா இருக்காரு."

"எங்கங்க, இன்னும் பொண்ணு அமையல" என்று ஆரம்பித்துவிட்டாள் அம்மா. வெளியே ஏழெட்டுப் பேர் டோக்கனோடு காத்திருக்கிறார்கள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வெளியே வந்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் என்னோடு கணக்கு எடுக்கிற வாத்தியாருக்கு நெடுங்காட்டில் சொந்த நிலம் உண்டு. ஆற்றில் தண்ணீர் வந்ததா, வாய்க்காலுக்கு வந்ததா என்பதைத் தவிர வேறு கவலை இல்லாத மனிதர். அவரிடம் சொன்னேன். "இதுல என்ன சார் இருக்கு? குறுவைன்னா நூறு நாளுல அறுத்துறலாம், சம்பாவுக்கு அஞ்சு மாசம் ஆவும். நட்ட மறுநாளே சம்பா வயல்ல போயி ஏன் இன்னும் கதிர் வரலன்னு நின்னா அது என்ன பண்ணும்? உங்க பாப்பா சம்பா ரகம், போங்க" என்றார். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அன்றைக்கே தங்கைக்கு போன் போட்டுச் சொன்னேன். "சம்பாவோ குறுவையோ, கீழேருந்து மொளைக்கட்டும்" என்று வைத்துவிட்டாள்.

பதினோராம் மாதம் முளைத்தது. மேலே.

எனக்கு இது அப்போது தெரியாது. வீட்டில் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும், அம்மா உட்பட. கீழ்ப் பல் வருகிற வரைக்கும் தாய்மாமன் கண்ணில் அந்தப் பல் படாமல் இருந்தால் பாதி தோஷம் போய்விடும் என்று தங்கையின் மாமியார் யோசனை சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான், கூட்டுச் சதி ஆரம்பமாகிவிட்டது. காதுகுத்துத் தேதியைத் தள்ளிப்போட்டார்கள். முதல் ஞாயிறு போனேன்: பாப்பா தூங்குகிறாள். இரண்டாவது ஞாயிறு: இப்போதுதான் தூங்கினாள். மூன்றாவது ஞாயிறு பாப்பா அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். பதினோரு மாதப் பிள்ளை தனியாகவா போனாள் என்று நான் கேட்கவில்லை, கொடுவாமீன் குழம்பு வைத்திருந்தார்கள், அதில் கவனமாக இருந்துவிட்டேன். நாலாவது ஞாயிறு, தூங்குகிற பிள்ளை உள் அறையிலிருந்து கெக்கெக்கே என்று சிரிக்கிற சத்தம் கேட்டது. "கனவு காணுறா" என்றான் மாப்பிள்ளை. விசைப்படகில் போகிற ஆள், பொய் சொல்லத் தெரியாது, பாவம், சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டான்.

இதற்கு நடுவே தங்கை எனக்கு ஒரு நாளைக்கு மூன்று முறை போன் செய்ய ஆரம்பித்தாள். "அண்ணே, ஹெல்மெட் போட்டியா?" "அண்ணே, பாலத்துல மெதுவா போ." "அண்ணே, மீன்முள்ளு பாத்துச் சாப்புடு." வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது, "இடி இடிக்குது, ஜன்னல் கிட்ட நிக்காத" என்று ஒரு மெசேஜ். ஆகா, தங்கச்சிக்கு நம்மேல் எவ்வளவு பாசம் என்று நெகிழ்ந்துபோனேன். பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை.

ஐந்தாவது ஞாயிறும் பிள்ளை தூங்கியபோது எனக்குப் பொறுக்கவில்லை. வாங்கிக்கொண்டு போன பிஸ்கட்டை வாசற்படியில் வைத்துவிட்டு, "பிள்ளை முழிச்சதும் மாமன்னு ஒருத்தன் வந்தான்னு சொல்லு" என்று கிளம்பிவிட்டேன். வழி முழுக்க என்னோடு நானே சண்டை போட்டுக்கொண்டு வந்தேன். சீர் வரிசையில் ஏதாவது குறை வைத்துவிட்டேனா? கல்யாணமாகாத ஆள் பிள்ளையைத் தொடக் கூடாதென்று மாமியார் ஏதாவது கிளப்பிவிட்டாரா? அம்மாவிடம் கேட்டால், "புள்ளன்னா தூங்கத்தான் செய்யும்" என்று முறத்தில் அரிசியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அந்த அரிசியில் கல்லே இல்லை, நான் பார்த்தேன்.

மழைக்காக லீவு விட்ட ஒரு புதன்கிழமை, யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். கொட்டுகிற மழை. ரெயின்கோட்டும் ஹெல்மெட்டுமாக அவர்கள் வாசலில் போய் நிற்கிறேன், கதவு திறந்திருக்கிறது, உள்ளேயிருந்து எங்கள் வீட்டு இளவரசி நாலு காலில் வேகமாகத் தவழ்ந்து வருகிறாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஹெல்மெட் போட்ட மாமனைப் பார்த்ததும் அவளுக்கு ஒரே சிரிப்பு. வாய் முழுக்கச் சிரித்தாள். மேல் ஈறில், நட்ட நடுவில், அணில் மாதிரி இரண்டு பல்.

"ஐயையோ!" என்று ஒரு அலறல். தங்கை அடுப்படியிலிருந்து ஓடி வந்து, கையில் கிடைத்த முறத்தைப் பிள்ளை முகத்துக்கு முன்னால் மறைத்துப் பிடித்தாள். பிள்ளை அதை விளையாட்டென்று நினைத்து முறத்தின் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். முறம் இந்தப் பக்கம் வந்தது. அவள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். நான் வாசலில் சொட்டச் சொட்ட நிற்கிறேன்.

மாமியார் வந்தார். நிலைமையை ஒரு பார்வையில் புரிந்துகொண்டு நேராக விசாரணையில் இறங்கினார். "தம்பி, ஹெல்மெட்டு கண்ணாடி மூடியிருந்துச்சா, தொறந்திருந்துச்சா?"

"மூடித்தான் இருந்துச்சு."

"மழத்தண்ணி?"

"ஊத்துது பாக்குறீங்கள்ல?"

"உள்ள மூச்சுப்புகை படிஞ்சிருந்துச்சா?"

"படிஞ்சிருந்துச்சுங்க."

"அப்ப அது பாத்ததுல சேராது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, "கண்ணாடியத் தூக்கிறாதீங்க, அப்புடியே நில்லுங்க" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நானும் அப்படியே நின்றேன். எம்.எஸ்சி. படித்தவன், ஹெல்மெட்டோடு, ஒரு கூடத்தில்.

பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்துவிட்டுக் கத்தினேன். ஐந்து ஞாயிற்றுக்கிழமைக் கோபமும் சேர்ந்து வந்தது. ஒரு பல்லுக்குப் பயந்து என்னைத் திருடன் மாதிரி திருப்பி அனுப்பினீர்களே, நீயெல்லாம் படித்தவள்தானா, எனக்கு என்ன ஆகிவிடும் என்று என்னென்னவோ சொன்னேன். தங்கை முறத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் மூச்சு வாங்குகிற நேரம் பார்த்துப் பேசினாள்.

"ஒனக்கு ஒண்ணும் ஆவாதுண்ணே. அது எனக்கும் தெரியும். ஆனா எப்பவாச்சும் ஒருநா எதாச்சும் ஆவும்ல, மனுசன்தானே நீ? அறுவது வயசுல ஒனக்கு நெஞ்சு வலி வந்தாலும் இவளத்தான் சொல்லுவாங்க. இவளுக்கு மேல்பல்லு மொதல்ல வந்துச்சுல்லன்னு சொல்லுவாங்க. நான் கேட்டத இவ கேக்கக் கூடாது."

என் அறிவியல் அத்தனையும் அந்த இடத்தில் நின்றுபோனது. பல் எப்போது வேண்டுமானாலும் வரும் என்று நான் ஊருக்கே பாடம் நடத்தலாம், ஊர் வாயை யார் திருத்துவது? அவளுக்குப் பக்கத்தில் ஈரத்தோடு உட்கார்ந்தேன். "சரி, இப்ப நான் என்ன செய்யணும், சொல்லு" என்றேன்.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு தாம்பாளத்தில் எண்ணெய் ஊற்றி வைப்பார்கள். மாமன் அதற்கு முன்னால் உட்கார வேண்டும். பிள்ளையை அவன் முதுகுப் பக்கமாகக் கொண்டுவந்து தோளுக்கு மேலே பிடிப்பார்கள். பிள்ளை முகம் எண்ணெயில் தெரியும். அதை அவன் முதலில் பார்த்துவிட்டால் தோஷம் எண்ணெயோடு போய்விடும், அப்புறம் திரும்பி நேராகப் பார்க்கலாம். கொடி கழுத்தில் மாலையாகச் சுற்றிப் பிறந்த பிள்ளைகளுக்கு இப்படிச் செய்வார்கள், பல்லுக்கும் செய்யலாம் என்பது மாமியாரின் விரிவாக்கம். நான் ஒத்துக்கொண்டேன். ஆனால் பைக்கில் திரும்பும்போது ஒன்று உறுத்தியது. எண்ணெயில் பார்த்தார்கள் என்பதே நாளைக்கு அவளுக்கு ஒரு கதையாகிவிடுமே. எண்ணெய் ஊற்றி மாமனைக் காப்பாத்த வேண்டியிருந்த பிள்ளை என்று சொல்லமாட்டார்களா? தங்கையிடம் இதைச் சொல்லி அவளை இன்னும் கலங்க அடிக்க எனக்கு மனசு வரவில்லை.

பதின்மூன்றாம் மாதம் காதுகுத்து வைத்தார்கள். தங்கை வீட்டிலேயே, நெருங்கின சொந்தம் மட்டும். என் பட்டு வேட்டி ஒருவழியாக வெளியே வந்தது. எண்ணெய் விஷயத்தில் காலையிலேயே ஒரு தகராறு. மாப்பிள்ளை அடுப்படியிலிருந்து சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட்டை எடுத்து வந்துவிட்டான். "நல்லெண்ணெதான் ஊத்தணும், இது என்ன அப்பளமா பொரிக்கப்போறோம்?" என்று மாமியார் அவனை விரட்டினார். கடைசியில் நல்லெண்ணெய் வந்து, தாம்பாளம் நிறைந்து, கூடத்து நடுவில் மினுமினுத்துக்கொண்டிருந்தது. பிள்ளையை உள் அறையில் அடைத்துவைத்திருந்தார்கள். காது குத்துகிற ஆசாரி இன்னும் வரவில்லை.

அம்மா ஒரு பழைய போட்டோவைக் கொண்டுவந்திருந்தாள். தங்கைக்குக் காது குத்தினபோது எடுத்தது. அதில் இருக்கிற மாதிரிச் சின்னக் கம்மல்தான் பேத்திக்கும் வேண்டுமென்று ஆசாரியிடம் காட்டியிருக்கிறாள், இப்போது அது கை மாறி மாறி வந்துகொண்டிருந்தது. பிள்ளை அம்மா சாடையா, அப்பா சாடையா என்ற வழக்கமான பேச்சு. என் கைக்கு வந்தது. ஒரு வெள்ளை வேட்டிக்காரர் மடியில் என் தங்கை. ஊசி ஏறின நொடி. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, உள்நாக்குத் தெரிகிற அளவுக்கு வாயைப் பிளந்து அழுகிறாள்.

நான் அவள் காதைப் பார்க்கவில்லை. பழக்கதோஷம், ஈறைப் பார்த்தேன்.

செல்போனை எடுத்து அந்தப் போட்டோவைப் படம் பிடித்து, விரலால் விரித்துப் பெரிதாக்கினேன். கீழ் ஈறு வழவழவென்றிருந்தது. மேல் ஈறும் அப்படியே. போட்டோவை அம்மா முன்னால் நீட்டினேன்.

"அம்மா, இது யாரு மடி?"

"என் சித்தப்பா மவன். அவன்தானே அன்னிக்கு மாமன் எடத்துல உக்காந்தான்."

"மாமா ஏன் உக்காரல?"

"மாமா ஏதுடா அப்ப? அவன் ஐப்பசியில போயிட்டான், இது தை மாசம்" என்றாள் அம்மா, வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே.

"அம்மா, இதுல தங்கச்சிக்குப் பல்லே இல்ல."

நான் சத்தமாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது. அம்மா கையில் வெற்றிலை அப்படியே இருந்தது. உள் அறைக் கதவு திறந்து தங்கை வெளியே வந்தாள். "குடு" என்று போனை வாங்கினாள். விரித்தாள், நகர்த்தினாள், மறுபடி விரித்தாள். பிறகு போட்டோவையே வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"மாமா போனப்ப எனக்குப் பல்லே மொளைக்கலியேண்ணே" என்றாள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா யாரையும் பார்க்கவில்லை. "மாசி கடைசிலதான் மொளைச்சுச்சு. இவன மாதிரிதான் நீயும், எல்லாம் லேட்டு" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு.

"அப்ப ஒனக்குத் தெரியும்."

"நான் சொல்லல தாயி. ஊருதான் சொன்னுச்சு. நான் இல்லன்னு சொல்லல, அவ்ளோதான்."

"ஏம்மா?"

அம்மா வெற்றிலையைத் தட்டில் வைத்தாள். "அப்பவும் ஒங்கப்பா தெனம் கடலுக்குத்தான் போய்க்கிட்டு இருந்தாரு. கடலுதான் என் தம்பியக் கொண்டுபோச்சுன்னு வாயால சொல்லிட்டு, மறுநா விடியக்காலம் அதுலயே புருசன எப்புடி அனுப்புறது? ஊருல ஒருத்தி பல்லாலதான்னு சொன்னா. இருக்கட்டும்னு விட்டுட்டேன். நீ கைப்புள்ள. ஒனக்கு என்ன புரியப்போவுதுன்னு நெனச்சேன்."

"எனக்குப் புரிஞ்சுச்சும்மா" என்றாள் தங்கை. "எல்லாம் புரிஞ்சுச்சு."

அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது, அதே சமயம் அவள் பக்கத்தில் போய் உட்காரவும் வேண்டும்போல் இருந்தது. இரண்டையும் எப்படிச் செய்வதென்று தெரியாமல் பட்டு வேட்டியோடு தாம்பாளத்துக்கு முன்னால் உட்கார்ந்தே இருந்தேன். இருபத்தொன்பது வருஷமாக அந்தப் போட்டோ எங்கள் பீரோவில்தான் கிடந்தது. எல்லாரும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம். கம்மலைப் பார்த்தோம், சாடையைப் பார்த்தோம்.

அந்த நேரம் பார்த்து ஆசாரி வந்து சேர்ந்தார். "என்னங்க, ஆரம்பிக்கலாமா?" என்று செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார். தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவள், என் முதுகுப் பக்கம் போகவில்லை. நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"தம்பி பாத்துறப்போவுது, எண்ணெய்ல மொதல்ல" என்று மாமியார் பதறினார்.

"எண்ணெய எடுத்து பாட்டில்ல ஊத்திருங்கத்தை, பலகாரத்துக்கு ஆவும்" என்று சொல்லிவிட்டுத் தங்கை பிள்ளையை என் மடியில் வைத்தாள், முகம் என்னைப் பார்க்கிற மாதிரி. பிள்ளை என்னைப் பார்த்தாள். ஏழு வாரமாக எங்கே போயிருந்தாய் என்று கேட்பதுபோல் என் மூக்கைப் பிடித்து இழுத்தாள். நானும் கண்ணாடி, மழை, புகை எதுவும் இல்லாமல் ஆசை தீரப் பார்த்தேன். மேலே இரண்டு. கீழே ஒன்று, அரிசி முனை அளவுக்கு.

ஆசாரி ஊசியை எடுத்தார். முதல் காதில் ஏறினதும் அவள் வீறிட்டாள், தெருவே எட்டிப் பார்த்திருக்கும். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை கையைக் கீழே இறக்கினான். "அழுவையை நிறுத்தட்டும், அப்புறமா சிரிக்கிற மாதிரி எடுத்துக்கலாம்" என்றான்.

"இப்பவே எடுங்க" என்றாள் தங்கை. அவள் குரலில் அப்படி ஓர் அதட்டலை நான் கேட்டதே இல்லை. எனக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, அழுகிற பிள்ளையின் தலையைக் கேமரா பக்கம் மெதுவாகத் திருப்பினாள். "பல்லும் தெரியணும், எங்கண்ணனும் தெரியணும். ரெண்டும் ஒரே படத்துல இருக்கணும்."